தாய்மீனுக்கு மினரல்: கோல்ட்ஃபிஷ், கோய் பிரீடிங்கில் புதிதாக இறங்குபவர்களுக்கு

முதல் தடவை கோல்ட்ஃபிஷ்ஷையோ கோயையோ முட்டை விட வைத்தவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் வருவார்கள். முட்டை நிறைய விட்டது, மறுநாளே பாதி வெள்ளையாகிவிட்டது, மிச்சத்தில் பொரித்த குஞ்சுகளில் சில முதுகு கோணிக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்துகின்றன. கடையில் போய்ச் சொன்னால் "மினரல் குறைச்சல் சார், இதைக் கலந்து போடுங்க" என்று ஒரு டப்பாவை நீட்டுவார்கள். அந்த டப்பா சில சமயம் உதவும், பல சமயம் ஒன்றும் செய்யாது, அளவு தெரியாமல் கொட்டினால் முட்டையை இன்னும் கெடுக்கும். எது எப்போது என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன். சிமெண்ட் தொட்டியிலும் மொட்டைமாடி டப்பிலும் கோல்ட்ஃபிஷ், கோய் வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற மீன்களுக்கு மாறும் இடங்களை அங்கங்கே தொட்டுப் போகிறேன்.

முதலில், மினரல் முட்டைக்குள் எப்படிப் போகிறது

இது தெரியாமல் டப்பாவைத் திறக்க வேண்டாம். பொரித்த குஞ்சு வாய் திறந்து முதல் இரை பிடிக்கும் வரை அதற்குச் சாப்பாடு மஞ்சள் கரு மட்டும்தான், தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மாதிரி. அந்த மஞ்சள் கருவின் மூலப்பொருள் சினைப்பையில் உருவாவதில்லை. பெண் மீனின் கல்லீரலில் விட்டெல்லோஜெனின் என்ற புரதமாக உருவாகி, ரத்தம் வழியாகச் சினைப்பைக்குப் போய், வளரும் முட்டைக்குள் சேர்கிறது. அந்தப் புரதத்திலேயே பாஸ்பரஸ் கோத்திருக்கும். கால்சியமும் துத்தநாகமும் இரும்பும் அதோடு ஒட்டிக்கொண்டு போகும். சினை வளரும் காலத்தில் பெண் மீனின் ரத்தத்தில் கால்சியம் கூடும், தேவைப்பட்டால் தன் செதிலில் இருக்கும் கால்சியத்தைக்கூடக் கரைத்து எடுத்துக்கொள்ளும்.

இதிலிருந்து புரிய வேண்டியது, இந்த வேலை ஒரு நாளில் முடிவதில்லை, வாரக்கணக்கில் நடக்கிறது என்பது. வயிறு உப்பி, நாளைக்கோ மறுநாளோ முட்டை விடப்போகும் மீனுக்கு இன்றைக்கு மினரல் கொடுத்தால் அந்த ஈட்டு முட்டைக்கு ஏறக்குறைய ஒன்றும் போய்ச் சேராது. குறைந்தது 6 முதல் 8 வாரம் முன்பே தொடங்க வேண்டும். நிறையப் பேர் "போட்டுப் பார்த்தேன், வேலை செய்யலை" என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1980-களில் ஜப்பானில் ரெட் சீ பிரீம் என்ற கடல்மீனின் தாய்மீன்களுக்குப் பாஸ்பரஸ் சேர்க்காத தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். முட்டை எண்ணிக்கையும் குறைந்தது, மிதக்கும் நல்ல முட்டைகளின் பங்கும் குறைந்தது, பொரிப்பும் குறைந்தது. ரெயின்போ ட்ரௌட் என்ற மீனில், மீன்தூளை அடிப்படையாகக் கொண்ட தீவனத்தில் மாங்கனீசு முதலிய நுண்தாதுக்களைச் சேர்க்காமல் விட்டபோது முட்டையின் பொரிப்புத் திறன் சரிந்தது. கவனியுங்கள், இரண்டிலும் தெரிய வந்தது குறைபாட்டின் விளைவு. குறை இருந்த இடத்தை நிரப்பினால் நிலைமை சரியாகும். குறையே இல்லாத மீனுக்கு மேலும் மேலும் கொடுத்தால் மேலும் மேலும் முட்டை வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. மினரலை "முட்டை டானிக்" என்று விற்பவர்கள் இந்த வித்தியாசத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

ஆண் மீனையும் மறக்காதீர்கள். விந்தணு உருவாவதற்குத் துத்தநாகமும் செலினியமும் தேவை. எல்லோரும் வயிறு பெருத்த பெண்ணையே கவனித்து, ஆணுக்கு மிச்சம் மீதியைப் போடுகிறார்கள். முட்டை வெள்ளையாகிப் போவதில் ஆணின் பங்கும் பெரியதுதான்.

படி 1: தண்ணீரைச் சோதியுங்கள்

கால்சியத்தை மீன் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆடு மாட்டுக்கும் கோழிக்கும் இல்லாத வசதி இது. அதனால் உங்கள் போர் தண்ணீர் கடினமாக, அதாவது கால்சியம் நிறையக் கரைந்ததாக, இருந்தால் தீவனத்தில் முட்டை ஓட்டுத்தூளும் கிளிஞ்சல் தூளும் கலப்பது பெரும்பாலும் வீண் வேலை. வீண் என்பதோடு போகாது. குடலில் கால்சியம் அதிகமானால் பாஸ்பரஸும் துத்தநாகமும் உடம்பில் சேர்வது குறையும். ஒன்றைக் கொடுக்கப்போய் இரண்டைக் கெடுத்த கதையாகிவிடும்.

மீன் கடையில் கிடைக்கும் கடினத்தன்மை டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். சிலவற்றில் பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) கணக்கில் வரும், சிலவற்றில் டிகிரி கணக்கில் வரும். 1 டிகிரி என்பது ஏறக்குறைய 17.9 பிபிஎம். கோல்ட்ஃபிஷ், கோய்க்கு 100 முதல் 250 பிபிஎம் வரை இருந்தால் கால்சியம் பற்றிய கவலையை விட்டுவிடலாம். ஆர்.ஓ. தண்ணீரோ வெறும் மழைத்தண்ணீரோ பயன்படுத்துகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். அதில் தாது ஏறக்குறைய இருக்காது, கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்து சரிசெய்துகொள்ளுங்கள். அதுதான் இருப்பதிலேயே மலிவான மினரல்.

முட்டையையும் தண்ணீரின் கடினத்தன்மை நேரடியாகப் பாதிக்கும். வெள்ளிக்கெண்டை முட்டைகள் மென்மையான தண்ணீரில் அளவுக்கு மீறி உப்பி வெடித்துவிடுவது மீன் குஞ்சுப் பொரிப்பகக்காரர்களுக்குத் தெரிந்த தலைவலி. டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா வளர்ப்பவர்களுக்கு இது அப்படியே தலைகீழ், கடினத் தண்ணீரில்தான் அவற்றின் முட்டை கெடும். மோலிக்கும் கப்பிக்கும் கடினத் தண்ணீர் நன்றாகவே ஒத்துப்போகும்.

படி 2: இப்போது என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள்

தாளில் எழுதுங்கள். மூன்று வகையில் ஒன்றாகத்தான் இருக்கும்.

நல்ல கம்பெனி பெல்லட் மட்டும் போடுகிறீர்கள் என்றால், பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். வைட்டமின், மினரல் பிரீமிக்ஸ் (முன்கூட்டியே அளந்து கலந்த தூள்) சேர்க்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்தால் அதன்மேல் இன்னொரு டப்பா மினரல் போடாதீர்கள். உங்கள் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. பழைய ஸ்டாக்காக இருக்கலாம், திறந்து மாதக்கணக்கில் வைத்த பையாக இருக்கலாம், உடன்பிறந்த மீன்களையே சேர்த்து பிரீட் செய்வதாக இருக்கலாம்.

கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கலந்து போடுகிறீர்கள் என்றால், உங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை முக்கியம். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது, மீனால் அதை உடைத்து எடுக்க முடியாது. போதாததற்கு அந்தப் பைட்டேட் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். லேபிளில் இருக்கும் எண் வேறு, மீனுக்குக் கிடைப்பது வேறு. மாங்கனீசு மட்டும் தவிட்டில் நன்றாகவே உண்டு.

கருவாட்டுத்தூளைப் பிரதானமாக வைத்து நீங்களே தீவனம் செய்கிறீர்கள் என்றால் நிலைமை மாறும். இதில் மாங்கனீசு குறைவு. பாஸ்பரஸ் எலும்பு வடிவில் ஏராளமாக இருக்கும். ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை அடுத்து விரிவாகப் பார்ப்போம்.

புழு போடுகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். கொசுப்புழு, மோய்னா, ஆர்ட்டீமியா (கடைசி இரண்டும் கண்ணுக்குத் தெரியும் அளவிலான குட்டி நீருயிர்கள்) எல்லாம் தாய்மீனுக்கு அருமையான தீனி. டியூபிஃபெக்ஸ் புழுவில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அது சாக்கடை வண்டலில் வளர்வது. அந்த வண்டலில் ஈயமும் காட்மியமும் இருந்தால் அவையும் புழுவோடு சேர்ந்து வரும், நீங்கள் கேட்காத மினரல்கள் இவை. ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் கழுவினால் அழுக்கும் கிருமியும் குறையும், புழுவின் உடம்பில் சேர்ந்த உலோகம் முழுதாகப் போய்விடாது.

படி 3: பாஸ்பரஸ், இதில்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள்

கெண்டைக் குடும்பத்து மீன்களுக்கு, அதாவது கோல்ட்ஃபிஷ், கோய், ரோகு, கட்லா எல்லாவற்றுக்கும், இரைப்பை கிடையாது. வாயிலிருந்து நேரே குடல்தான். இரைப்பை இல்லையென்றால் அமிலம் இல்லை, அமிலம் இல்லையென்றால் எலும்புத்தூள் கரையாது.

எண்ணில் பார்த்தால் பளிச்சென்று புரியும். சாதாரணக் கெண்டையில் சோதித்தபோது, மோனோ கால்சியம் பாஸ்பேட்டில் இருக்கும் பாஸ்பரஸில் 94 சதவீதம் உடம்பில் சேர்ந்தது. டை கால்சியம் பாஸ்பேட்டில், நம் கடைக்காரர்கள் டி.சி.பி. என்று சொல்வது, 46 சதவீதம். எலும்பில் இருக்கும் ட்ரை கால்சியம் பாஸ்பேட் வகையில் வெறும் 13 சதவீதம். இரைப்பை உள்ள ட்ரௌட்டுக்கு அந்தக் கடைசி வகையிலேயே 60 சதவீதத்துக்கு மேல் சேர்கிறது. அதனால் மாட்டுக்கும் கோழிக்கும் போடும் டி.சி.பி.யை அப்படியே கோல்ட்ஃபிஷ்ஷுக்குப் போட்டால் பாதி காசு தண்ணீரில் போகிறது, உண்மையாகவே தண்ணீரில்தான், ஏனென்றால் சேராத பாஸ்பரஸ் கழிவாக வெளியே வந்து தொட்டியில் பாசியை வளர்க்கும்.

கெண்டைக்குத் தீவனத்தில் உடம்பில் சேரக்கூடிய பாஸ்பரஸ் 0.6 முதல் 0.7 சதவீதம் வரை வேண்டும். 1 கிலோ தீவனத்தில் 10 கிராம் மோனோ கால்சியம் பாஸ்பேட் சேர்த்தால் அதில் ஏறக்குறைய 2.2 கிராம் பாஸ்பரஸ், அதில் உடம்பில் சேர்வது சுமார் 2 கிராம், அதாவது 0.2 சதவீதம். பிண்ணாக்கு தவிட்டுத் தீவனத்துக்கு இந்த 10 கிராமில் தொடங்குங்கள், கருவாட்டுத்தூளும் கலந்திருந்தால்கூட இதே அளவு சரிதான். எம்.சி.பி. என்று கேட்டால் தீவன மூலப்பொருள் விற்கும் இடங்களில் கிடைக்கும்.

படி 4: துத்தநாகமும் மாங்கனீசும்

கெண்டைக்கு 1 கிலோ தீவனத்தில் 15 முதல் 30 மி.கி. துத்தநாகம் போதும் என்பது, பைட்டேட் இல்லாத சோதனைத் தீவனத்தில் கண்டுபிடித்த அளவு. பிண்ணாக்குத் தீவனத்தில் கொஞ்சம் பூட்டப்பட்டுவிடும் என்பதால் கிலோவுக்கு 50 மி.கி. தனியாகச் சேர்ப்பது நியாயமான இலக்கு.

இப்போது கணக்கு. ஜிங்க் சல்பேட் இரண்டு வடிவில் வருகிறது. ஹெப்டாஹைட்ரேட்டில் துத்தநாகம் 21 சதவீதம் அளவுக்கு இருக்கும், மோனோஹைட்ரேட்டில் 33 சதவீதம். லேபிளில் எது என்று பார்க்காமல் எடை போடாதீர்கள். 50 மி.கி. துத்தநாகத்துக்கு முதல் வகையில் சுமார் 240 மி.கி. வேண்டும், இரண்டாவதில் 150 மி.கி. போதும். 5 கிலோ தீவனமாகச் செய்தால் 1.2 கிராம் அல்லது 0.75 கிராம். சமையலறைத் தராசில் இது நடக்காது, 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உரக்கடையில் வயலுக்கு விற்கும் ஜிங்க் சல்பேட் விலை குறைவுதான், ஆனால் அதில் ஈயம், காட்மியம் கலப்பு இருக்க வாய்ப்புண்டு. தீவனத் தரம் என்று எழுதியதை வாங்குங்கள். துத்தநாகத்தை அமினோ அமிலத்தோடு பிணைத்து விற்கும் கீலேட்டட் வகை பைட்டேட்டிடம் அவ்வளவு சீக்கிரம் மாட்டாது, விலை கூடுதல். கொஞ்சம் மீன்கள்தான் என்றால் அதையே வாங்குவது நல்லது.

மாங்கனீசு கிலோவுக்கு 13 மி.கி. போதும். கருவாட்டுத்தூள் தீவனக்காரர்களுக்கு மட்டும் இது பொருந்தும். மாங்கனீசு சல்பேட் மோனோஹைட்ரேட் என்றால் கிலோவுக்கு 40 மி.கி., 5 கிலோவுக்கு 0.2 கிராம்.

படி 5: இதைத் தொடவே தொடாதீர்கள்

செலினியம். மீனுக்குத் தேவைதான், ஆனால் தேவைப்படும் அளவு கிலோ தீவனத்துக்கு 0.3 மி.கி. அளவில்தான். சோடியம் செலினைட் கணக்கில் அரை மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூடுதல். வீட்டில் யாராலும் அதை எடை போட முடியாது, தவிர அது மனிதருக்கும் விஷம்.

அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள பெலூஸ் ஏரி ஒரு பாடம். 1970-களில் நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பல் குட்டைத் தண்ணீர் அந்த ஏரியில் கலந்தது, அதில் செலினியம் இருந்தது. ஏரியில் இருந்த 20 மீன் இனங்களில் 19 அற்றுப்போயின. பெரிய மீன்கள் பல வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன, இனப்பெருக்கம்தான் சிதைந்தது. செலினியம் புரதத்தில் கந்தகத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தாயிடமிருந்து மஞ்சள் கருவுக்குள் போகிறது, குஞ்சு அந்தக் கருவை உண்ணும்போது முதுகெலும்பு வளைந்து, தலை கோணி வளர்கிறது. முதுகு வளைந்த குஞ்சைப் பார்த்ததும் "மினரல் பத்தலை" என்று இன்னும் கொட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நியாயமாகச் சொன்னால் முதுகு வளைவுக்கு வைட்டமின் சி குறைவு, நெருங்கிய உறவுக் கலப்பு, முட்டை இருந்த தண்ணீரின் சூடு என்று வேறு காரணங்களும் உண்டு.

செலினியம், அயோடின், கோபால்ட் எல்லாம் மீனுக்கென்று தயாரித்த பிரீமிக்ஸில் சரியான அளவில் இருக்கும். அதில் எழுதிய அளவுக்கு மேல் போகாதீர்கள், அவ்வளவுதான். பிரீமிக்ஸில் துத்தநாகம் ஏற்கெனவே இருந்தால் நான்காம் படியின் கணக்கில் அதைக் கழித்துவிடுங்கள்.

மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) அப்படியே. செம்பு கெண்டைக்குக் கிலோ தீவனத்துக்கு 3 மி.கி. போதும், சாதாரணத் தீவனத்திலேயே அது வந்துவிடும். பாசிக்குப் போடும் மயில்துத்தத்தை "செம்புச் சத்து" என்று தீவனத்தில் தூவ வேண்டாம், மென்மையான தண்ணீரில் அது கரைந்தால் மீனையே கொன்றுவிடும். அப்புறம், இறால் பண்ணைக்கு என்று மூட்டையாக விற்கும் மினரல், மெக்னீசியமும் பொட்டாசியமும் நிறைந்தது, குட்டைத் தண்ணீரைச் சரிசெய்யத் தயாரித்தது. அது தீவனத்துக்கு இல்லை. மாட்டு மினரல் மிக்சரும் மாட்டுக்கே இருக்கட்டும்.

படி 6: கலப்பது

1 கிராம் தூளை 5 கிலோ மாவில் நேராகக் கொட்டிக் கிளறினால் ஒரு மூலையில் விஷம், இன்னொரு மூலையில் ஒன்றுமில்லை என்றாகும். முதலில் அந்த 1 கிராமை 10 கிராம் தவிட்டில் நன்றாகக் கலக்குங்கள், அதை 100 கிராம் தவிட்டில், அதை 1 கிலோவில், அப்புறம் மொத்தத்தில். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஆவியில் வேகவைத்து, முறுக்குக் குழலில் பிழிந்து, நிழலில் உலர்த்தி உடைத்துக்கொள்ளலாம். சூட்டில் மினரலுக்கு ஒன்றும் ஆகாது, வைட்டமின் சி-தான் போய்விடும். அதனால் வைட்டமின் கலப்பதாக இருந்தால் வெந்த மாவு ஆறிய பிறகு கலந்து பிழியுங்கள். கொஞ்சம் மைதாவோ மரவள்ளி மாவோ சேர்த்தால் பிடிமானம் வரும். சல்பேட் உப்புகள் தண்ணீரில் சட்டென்று கரைபவை. பிடிமானமில்லாத தீவனம் தொட்டியில் விழுந்ததும் நீங்கள் இவ்வளவு பார்த்துப் பார்த்து அளந்ததெல்லாம் கரைந்துவிடும். மினரல் இல்லாத பெல்லட்டின் மேல் பூசுவதாக இருந்தால் ஜெலட்டின் கரைசலில் கலந்து தெளித்துப் புரட்டி, உலர்ந்ததும் மேலே லேசாக மீன் எண்ணெய் தடவுங்கள்.

இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். இரும்பும் செம்பும் எண்ணெயைச் சீக்கிரம் காறல் அடிக்க வைக்கும், காறல் எண்ணெய் மீனின் உடம்பிலுள்ள வைட்டமின் ஈ-யைத் தின்றுவிடும், வைட்டமின் ஈ போனால் முட்டை போச்சு.

படி 7: கொடுப்பது, எண்ணுவது

ஆண்களையும் பெண்களையும் பிரித்து வைத்து இரு தொட்டிக்கும் இதே தீவனத்தைக் கொடுங்கள். செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் வெள்ளைப் புள்ளிகள் வந்திருந்தால் ஆண். ஒரு நாளைக்கு மீன் எடையில் 2 சதவீதம், இரண்டு மூன்று வேளையாகப் போடுங்கள், புரதம் 30 சதவீதத்துக்குக் குறைய வேண்டாம். புரதமும் நல்ல கொழுப்பும் இல்லாத தீவனத்தில் மினரல் மட்டும் சேர்த்து ஒன்றும் நடக்காது.

முடிந்தால் பாதி மீன்களுக்குப் பழைய தீவனத்தையே தொடருங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இது இல்லாமல் மினரலால் முன்னேறியதா, பருவம் மாறியதால் முன்னேறியதா என்று சொல்லவே முடியாது.

முட்டை விட்டதும், முட்டை ஒட்டுவதற்காகத் தொட்டியில் போட்ட நைலான் கயிற்றில் ஒட்டியவற்றில் 100-ஐத் தனிக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். மறுநாள் வெள்ளையானவற்றை எண்ணி எடுத்துவிடுங்கள். மிச்சம் எத்தனை பொரித்தன, அவற்றில் எத்தனை நேராக நீந்துகின்றன என்று நோட்டில் எழுதுங்கள். தண்ணீரின் சூட்டைப் பொறுத்து 2 முதல் 5 நாளில் பொரித்துவிடும். முதல் நாளே பெரும்பகுதி வெள்ளையானால் ஆணைச் சந்தேகியுங்கள், வயதான ஆணாக இருக்கலாம், தீவனம் போதாமல் இருக்கலாம், அல்லது முட்டை பழுத்துத் தாமதமாக வெளிவந்திருக்கலாம். கரு உருவாகிக் கண் தெரிந்த பிறகு பொரிக்காமல் செத்தால்தான் தாயின் தீவனத்தைப் பார்க்க வேண்டும், மினரலும் அப்போதுதான் கணக்கில் வரும். ஒரே ஈட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதே ஜோடிகளை 3, 4 வாரம் ஓய்வு கொடுத்து அடுத்த ஈடு எடுத்து, புதுத் தீவன மீன்களின் எண்களையும் பழைய தீவன மீன்களின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு ஈட்டிலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் உங்கள் பழைய தீவனமே போதுமானது, எம்.சி.பி. மூட்டைக்குச் செலவழிக்கும் காசில் ஆர்ட்டீமியா வாங்கிக் குஞ்சுக்குப் போடுங்கள்.

ரோகு, கட்லா, மிருகால் என்று குட்டையில் தாய்மீன் வைத்திருப்பவர்கள் இவ்வளவு கிராம் கணக்குக்குள் போகத் தேவையில்லை. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கெண்டைத் தாய்மீன்களுக்கென்றே சிஃபாபுரூட் என்ற தீவனத்தை உருவாக்கியிருக்கிறது. இனப்பெருக்கப் பருவத்துக்கு மாதக்கணக்கில் முன்பே அந்த மாதிரித் தாய்மீன் தீவனத்துக்கு மாறினால் போதும்.